விராலிமலையிலிருந்து மயிலாப்பூர் வரை: சொல்லிக்கொடுத்த அம்மாள்களின் வழியே ஆறு நாள்

முதல் நாள்: விராலிமலை

பரதநாட்டியத்தில் பாணி என்றாலே ஊர்ப்பெயர்தான். பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர். அந்த ஊர்ப்பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் நட்டுவனார்கள் (ஆட்டம் பயிற்றி, மேடையில் தாளம் போட்டு நடத்தும் ஆசான்கள்) அத்தனை பேரும் ஆண்கள். ஆடியவர்கள் பெண்கள். பதம், ஜாவளி என்ற காதல் பாட்டுகளுக்கு முகத்தில் என்ன வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் அவர்கள் பெயரில் ஒரு பாணியும் கிடையாது. இந்தப் பயணம் அவர்களுக்காக. கடைசி நாள் மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாளிடம் முடியும்.

திருச்சியிலிருந்து மதுரை சாலையில் சுமார் 30 கி.மீ. வந்தால் விராலிமலை. நெடுந்தூரப் பேருந்துகளில் பல ஊருக்குள் வராமல் புறவழியாகப் போய்விடும். ‘விராலிமலை நிற்குமா’ என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. மலை பெரிதில்லை, 200-க்குச் சற்று மேற்பட்ட படிகள். வெயில் ஏறுவதற்குள் ஏறிவிட்டால் மயில்களையும் பார்க்கலாம். உச்சியில் ஆறுமுகன் மயில்மேல் வள்ளி தெய்வானையோடு இருக்கிறார். சுவாமிக்குச் சுருட்டு படைக்கும் வழக்கம் இந்தக் கோயிலில் உண்டு.

இந்தக் கோயிலில் 32 பெண்கள் ஆடலும் பாடலுமாகச் சேவை செய்தார்கள். அந்த வரிசையில் கடைசியாக வந்தவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர், அதாவது கோயில் சேவைக்கென்று நேர்ந்துவிடப்பட்டவர். பாட்டி அம்மணி அம்மாளிடமும், நட்டுவனாரான தந்தை ராமச்சந்திரனிடமும் பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிர் கற்றார். 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான் தமிழ்நாட்டில் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, சதிர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நினைத்த ஆட்டக்காரர்கள் அவரைத் தேடி இந்த ஊருக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சதிரில் ஆடுகிறவரே பாடுவார். மேடையில் ஒருவர் பாட ஒருவர் ஆடிப் பழகிய கண்ணுக்கு இது முதலில் பிடிபடாது. அதனால் செய்முறையில் என்ன மாறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாடிக்கொண்டே ஆட வேண்டுமானால் மூச்சு கழுத்துக்கு ஏறக்கூடாது. ஆகவே தாவல்கள் குறையும், நடை அதிகமாகும். அடியைச் சமமாக வைத்து, உடம்பின் மேல்பாதியைத் தளர்வாக விட்டு, பாட்டின் அடி முடிகிற இடத்தில் ஒரு சின்ன முத்தாய்ப்பு வைப்பார்கள். கை முழுதாக நீளாது, முழங்கை லேசாக மடிந்தே இருக்கும். முட்டியைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டி உண்டு, ஆனால் இன்றைய வகுப்புகளில் கேட்கும் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே பாட முடியாது. இதைப் பார்த்துவிட்டு ‘சுத்தமில்லாத அடவு’ (அடவு என்பது ஆட்டத்தின் அடிப்படை அசைவு) என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. வாயில் பாட்டு இருக்கும் உடம்பு அப்படித்தான் நிற்கும்.

பயிற்சி செய்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு எளிய பாட்டின் பல்லவியைப் பாடிக்கொண்டே பாதத்தைத் தட்டும் தட்டடவை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) தட்டுங்கள். மூன்றாவது நான்காவது ஆவர்த்தனத்தில் சுருதி இறங்கும். அடி விழும்போது வயிறு குலுங்கி மூச்சு சிதறுவதே காரணம். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட்டால் குலுக்கம் குறையும், குதிகால் முந்தினால் கூடும். குரலே உங்கள் பாதத்தைத் திருத்தும். இந்தத் திருத்தத்துக்கு, ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழி தேவையில்லை.

கருங்கல் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் மண்டபத்தில் ஆடியவர்கள் மெதுவாக, அளந்து ஆடியதற்குக் கல்லும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். கருங்கல்லோ சிமெண்டோ கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது, அடியின் அதிர்ச்சி முழுவதும் முன்காலுக்கும் முட்டிக்கும் திரும்பும். இன்று சிமெண்டுத் தரையில் மூன்றாம் காலம் வரை ஒரு மணி நேரம் தட்டவிட்டுப் பிறகு ‘காலெலும்பு வலிக்கிறது’ என்று பிள்ளைகள் அழுவதில் வியப்பில்லை. மரத்தரை கிடைக்காவிட்டால் மெழுகிய மண்தரை மேல். மெத்தை விரிப்பு கூடாது. பாதம் புதைந்து கணுக்கால் மடங்கும்.

இரண்டாம் நாள்: தஞ்சாவூர், பெரிய கோயில்

பெரிய கோயிலுக்கு நாட்டியக்காரர்கள் வந்தால் முதலில் கேட்பது கரணச் சிற்பங்களை, அதாவது நாட்டிய சாஸ்திரம் சொல்லும் ஆட்ட அசைவுகளின் சிற்பங்களை. விமானத்தின் மேல்தளச் சுற்றில் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27-க்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஆடுவது நான்கு கைகளோடு சிவபெருமான். இந்தச் சுற்று பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். வாசலில் வந்து கேட்டால் கிடைக்காது. இது தெரியாமல் தொலைவிலிருந்து வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு.

நாம் பார்க்க வந்தது வேறு. வடக்குத் திருச்சுற்றின் வெளிச்சுவரில் இருக்கும் தளிச்சேரிக் கல்வெட்டு (தளிச்சேரி என்றால் கோயில் பெண்களின் குடியிருப்பு). கோயில் 1010-ல் நிறைவுற்றது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களை வரவழைத்துக் குடியமர்த்திய ராஜராஜன், ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் எழுதிவைத்தான். பெயர் மட்டுமில்லை, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, வடக்குத் தளிச்சேரி என்று குடியிருப்புகள். தெருவின் இரு பக்கமும் தென்சிறகு, வடசிறகு. கிட்டத்தட்ட ஒரு முகவரிப் புத்தகம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்ற கணக்கில் 1,200 மரக்கால் ஆகிறது. அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். ஆடுகிறவர்களுக்கு ஆடுகிற சுவாமியின் பெயர்கொண்ட படியால் நெல் அளந்திருக்கிறார்கள்.

ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த முறை உறவினர் அந்தப் பங்கையும் பணியையும் பெற வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ள ஒருவரை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த விதியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். தகுதி என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்றால், வீட்டில் ஒரு தாயோ சிற்றன்னையோ அடுத்தவளைத் தயார்செய்துகொண்டே இருந்தாக வேண்டும். அந்தச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக் கல்வெட்டில் தனிப் பங்கு இல்லை. நட்டுவம் செய்ய நியமிக்கப்பட்ட ஆண்களுக்கு உண்டு, தலைக்கு இரண்டு பங்கு.

கல்வெட்டை வாசித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: சோழர் கால எழுத்தில் புள்ளி இருக்காது. ‘நக்கன்’ என்பதை ‘நககன’ போலத்தான் பார்ப்பீர்கள். தளிச்சேரிப் பெண்கள் பெயருக்கு முன்னால் எல்லாம் இந்த நக்கன் வரும், பின்னால் பங்கு ஒன்று. இந்த இரண்டு சொல்லின் வடிவத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டால் போதும், ஒவ்வொரு பெயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எழுத்து பழக விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டுகளே ஏற்றவை. நடுப்பகல் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது, காலை ஏழு முதல் எட்டரைக்குள்ளோ மாலை நாலரைக்கு மேலோ சாய்வெயிலில் பாருங்கள். எழுத்து தெளியட்டும் என்று மாவோ சுண்ணாம்போ பூச வேண்டாம். கையால் தடவவும் வேண்டாம்.

மூன்றாம் நாள்: தஞ்சாவூர், மேல வீதி

பெரிய கோயிலிலிருந்து மேல வீதிக்கு நடந்தே போகலாம். பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இருக்கும் வீதி. தஞ்சை நால்வர் என்று நாம் சொல்லும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு வாழ்ந்த வீதியும் இதுதான். 1802-லிருந்து 1810-க்குள் பிறந்த நான்கு சகோதரர்கள். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை கற்றவர்கள். சரபோஜி மன்னரின் அவையில் இருந்தார்கள். பிறகு வடிவேலு திருவிதாங்கூருக்குப் போய் சுவாதித் திருநாளிடம் யானைத் தந்தத்தாலான வயலின் பரிசு பெற்றார். சின்னையா மைசூருக்குப் போனார்.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று அரங்கேற்றத்தில் வரும் வரிசையை ஒழுங்குபடுத்தியது இவர்கள். அந்த வரிசையை ஒரு ஆட்டக்காரியின் உடம்பை வைத்துப் பார்த்தால் அதன் நியாயம் புரியும். அலாரிப்பில் கண், கழுத்து, தோள், பிறகு கை, பிறகு மண்டி. சிறு மூட்டிலிருந்து பெரிய மூட்டுக்கு உடம்பு சூடேறுகிறது. ஜதிஸ்வரத்தில் பொருள் இல்லை, கால் மட்டும். சப்தத்தில் முதல்முறையாகச் சொல்லுக்குப் பொருள் சேர்கிறது. வர்ணத்தில் இரண்டும் முட்டி மோதுகின்றன, அரை மணிக்கு மேல். அதற்குப் பிறகு உடம்பு களைத்த நேரத்தில் பதம் வருகிறது. இங்கே கால் ஓய்வெடுக்கும், முகம் வேலை செய்யும். தில்லானாவில் மீண்டும் கால்.

வர்ணத்தில் அதிகம் கெடும் இடம் திரிகாலத் தீர்மானம், அதாவது தாளச் சொற்களின் கோவையான சொற்கட்டை மூன்று வேகத்தில் ஆடி முடிக்கும் பகுதி. முதல் காலத்தில் சரியாக இருப்பவர்கள்கூட இரண்டாம் காலத்துக்கு மாறும்போது, கையில் தாளம் மாறாமலிருக்க, காலில் கொஞ்சம் அவசரப்படுவார்கள். அந்த அரைக்கால் அட்சர (தாள எண்ணிக்கை) அவசரம் மூன்றாம் காலத்தில் பெருகி, அறுதி என்ற முடிவுக்கு வரும்போது, தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு முன்பே போய் நிற்பார்கள். இதற்கு மருந்து மூன்றாம் காலத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவது அல்ல. முதலிலிருந்து இரண்டாம் காலத்துக்கு மாறும் அந்த ஒரே ஆவர்த்தனத்தை மட்டும் வெட்டி எடுத்து, சொற்கட்டை வாயால் சொல்லி, கையில் தாளம் போட்டு, உட்கார்ந்தபடியே இருபது முறை சொல்ல வேண்டும். நின்று ஆடுவது பிறகு.

நால்வரின் வழியில் வந்த பொன்னையா பிள்ளைக்கு 1933-ல் சங்கீத கலாநிதி கிடைத்தது. அவர் மகன் கிட்டப்பா பிள்ளை 1999 வரை வாழ்ந்தார். அவரிடம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை. வீட்டை விட்டுவந்த ஒரு பிள்ளையை, இன்னொரு காலத்தில் யாரும் வாசலில்கூட நிறுத்தியிருக்க மாட்டார்கள், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த குருவின் பெயரை இந்த வீதியில் நின்று சொல்லத்தான் வேண்டும்.

இதே தஞ்சை அரண்மனையில் நால்வருக்கும் முந்தைய தலைமுறையில் பாப்பம்மாள் என்று ஒருவர் ஆடினார். அவரிடமிருந்து தாய்வழியாகவே இறங்கும் பெயர்களைக் கேளுங்கள்: பாப்பம்மாள், ருக்மிணி, காமாட்சி, சுந்தரம்மாள், வீணை தனம்மாள், ஜெயம்மாள், பாலசரஸ்வதி. ஏழு தலைமுறை. நட்டுவனார் வீட்டில் கலை தகப்பனிடமிருந்து மகனுக்கு, இவர்கள் வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கு. ஒரு கச்சேரி அமைய இரண்டு வீடும் வேண்டும். பாலசரஸ்வதிக்கு நட்டுவாங்கம் செய்து சொல்லிக்கொடுத்த கந்தப்பா பிள்ளை நால்வரின் வம்சம்தான். தஞ்சை நால்வருக்கு ஊரில் நினைவு உண்டு. பாப்பம்மாளுக்கு எந்த வீதியிலும் ஒரு பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை.

நான்காம் நாள்: பந்தநல்லூர், வழியில் வழுவூர்

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் பக்கமாக வந்தால் பந்தநல்லூர். தேவாரத்தில் பந்தணைநல்லூர். அம்பிகை பந்தாடிய கதையைச் சொல்லும் தலம். பசுபதீசுவரர் கோயில். சிறிய ஊர். மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) இங்கேதான் இருந்தார். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி, மிருணாளினி சாராபாய், ராம் கோபால் எல்லாம் அவரிடம் பயின்றவர்கள். ஊர்ப்பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட பந்தநல்லூர் ஜெயலட்சுமியும் அவர் மாணவி. அவர் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளையும் பெரிய ஆசான்.

பந்தநல்லூர் என்றாலே அரைமண்டியும் அடவின் கோடும்தான் நினைவுக்கு வரும், ஆகவே அடவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். அரைமண்டியில் இரு குதிகாலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி. முட்டி பக்கவாட்டில், கால்விரல் பார்க்கும் திசையிலேயே பார்க்க வேண்டும். முட்டிவலிக்கு முக்கியக் காரணம் இங்கே இருக்கிறது. இடுப்பு எவ்வளவு திரும்புமோ அதைவிட அதிகமாகப் பாதத்தைத் திருப்பி வைத்துவிட்டால், மீதித் திருகலை முட்டி தாங்க வேண்டியிருக்கும். ஆசிரியர் ‘இன்னும் திருப்பு’ என்று சொல்லும்போது பிள்ளை திருப்புவது பாதத்தை, திரும்ப வேண்டியது தொடை. முதலில் தொடையைத் திருப்பச் சொல்லி, பாதம் எங்கே வந்து நிற்கிறதோ அதையே அந்தப் பிள்ளையின் அளவாகக் கொள்வது நல்லது. மாதங்கள் போகப்போக அளவு தானாகக் கூடும்.

தட்டடவின் ‘தெய்யா தெய்’யில் காலைப் பின்பக்கமாகத் தூக்கி முழுப் பாதமும் சமமாக விழும்படி தட்ட வேண்டும். தட்டுகிற ஒவ்வொரு முறையும் தலை ஏறி இறங்கினால் மண்டி நிற்கவில்லை என்று பொருள். எதிரே சுவரில் தலை உயரத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும். நாட்டடவில் ‘தெய்யும் தத்தத் தெய்யும் தா’ என்று காலை நீட்டிக் குதிகாலை நாட்டும்போது, உடம்பின் எடை மடிந்த காலிலேயே இருக்க வேண்டும். நீட்டிய காலுக்கு எடை போனால் இடுப்பு சாய்ந்து கோடு உடையும். குதித்து மெட்டு அடவில் முன்பாதத்தில் குதித்து இறங்கும்போது குதிகாலும் தரைக்கு வந்தாக வேண்டும். அதைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்களுக்குக் கெண்டைக்கால் இறுகும்.

தட்டுக்கழி கால் கேட்பதற்கு, வாய்ச்சொல் உடம்பு கேட்பதற்கு. கழியை மட்டும் ஓங்கித் தட்டிவிட்டுச் சொல்லை முணுமுணுத்தால் பிள்ளைகள் இயந்திரம் மாதிரி தட்டுவார்கள். மேடையில் நட்டுவனார் கையில் பிடிக்கும் ஜோடித் தட்டான தாளமும் இப்படித்தான். ஒன்று வெண்கலம், ஒன்று இரும்பு. முழு விளிம்பும் பொருந்த ஒவ்வொரு அட்சரமும் திறந்து அடித்தால் பாட்டு மறைந்துபோகும். மூடி அடிப்பதும் திறந்து அடிப்பதும் ஜதியின் சொல்லுக்கேற்ப மாற வேண்டும்.

திரும்பும் வழியில் மயிலாடுதுறை பக்கம் வழுவூர். அட்ட வீரட்டானங்களில் ஒன்று, யானையை உரித்த கஜசம்ஹார மூர்த்தியின் தலம். ராமையா பிள்ளையின் ஊர். குமாரி கமலாவை நாடறிய வைத்தவர். இருட்டுவதற்குள் சிதம்பரம் போக வேண்டியிருந்ததால் இங்கே அதிக நேரம் இல்லை.

ஐந்தாம் நாள்: சிதம்பரம்

தஞ்சையில் மேல்தளத்தில் பூட்டியிருப்பதைச் சிதம்பரத்தில் யார் வேண்டுமானாலும் நடந்துகொண்டே பார்க்கலாம். கோபுர வாயிலின் இரு பக்கச் சுவரிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டங்களில் 108 கரணங்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் ஒவ்வொன்றுக்கும் நாட்டிய சாஸ்திரத்தின் சுலோகமும் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறது. வாயில் வழியில் கூட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், நின்று பார்க்க அதிகாலைதான் வசதி.

தஞ்சையில் ஆடுவது சிவன். இங்கே ஆடுவது பெண். பல கட்டங்களில் அவளுக்கு இரு பக்கமும் மத்தளமும் தாளமும் வாசிப்பவர்கள் சின்ன உருவமாக நிற்கிறார்கள். வாசிப்பவர்கள் நின்றுகொண்டே வாசிப்பதைக் கவனியுங்கள். சின்ன மேளம் என்ற சதிர்க் கோஷ்டியும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டவரும், முகவீணை என்ற சிறு குழலும் சுருதிக்கான துத்தியும் ஊதுகிறவர்களும், நட்டுவனாரும் ஆட்டக்காரிக்குப் பின்னாலேயே நடப்பார்கள். பக்கவாத்தியம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தது இருபதாம் நூற்றாண்டில்தான்.

ஆறாம் நாள்: சென்னை, மயிலாப்பூர்

கபாலீசுவரர் கோயில். இங்கே ஆடிய துரைக்கண்ணு அம்மாளின் மகள் கௌரி அம்மாள். 1892-ல் பிறந்து 1971-ல் மறைந்தவர். இந்தக் கோயிலில் ஆடிய கடைசித் தலைமுறை. வெளியுலகம் அவரை மயிலாப்பூர் கௌரி அம்மாள் என்றே அறியும். தஞ்சாவூருக்கும் பந்தநல்லூருக்கும் கிடைத்ததுபோல மயிலாப்பூருக்கு ஒரு பாணிப் பெயர் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அது இவர் பெயராகத்தான் இருந்திருக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்தவர்களைப் பாருங்கள். சின்னக் குழந்தையாக இந்தக் கோயிலில் அவர் ஆடுவதைப் பார்த்து மயங்கியவர் பாலசரஸ்வதி. ஏழு வயதில், 1925-ல், காஞ்சிபுரம் காமாட்சி அம்மன் கோயிலில் ஆடிய பாலா, பின்பு அபிநயத்துக்கு வந்து நின்றது கௌரி அம்மாளிடம். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போவதற்கு முன்பு ஆட்டம் கற்றது கௌரி அம்மாளிடம். பின்னாளில் அபிநய ஆசிரியையான கலாநிதி நாராயணன் சிறுமியாகப் பதம் கற்றதும் கௌரி அம்மாளிடம். இந்த மூன்று பேரும் மூன்று வேறு மரங்கள். பாலாவின் ஆட்டமும் கலாக்ஷேத்திராவின் ஆட்டமும் ஒன்றுக்கொன்று எதிர்த்துருவங்கள் என்று எழுதியே பழகிவிட்டோம். இரண்டின் வேரிலும் ஒரே அம்மாள் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எழுத மறந்துவிட்டோம்.

1932-ல் கௌரி அம்மாள் சென்னை மியூசிக் அகாடமியில் ஆடினார். சதிரை மேடைக்குக் கொண்டுவர வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் போராடிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. இன்னொரு பக்கம் பெண்குழந்தைகளுக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்த முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947-ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் வந்தே ஆக வேண்டியிருந்தது, அதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கோயில் சேவையோடு இந்தப் பெண்களுக்கிருந்த வீடும் மானியமும் மரியாதையும் போனபோது, ‘இவர்கள் ஆசிரியர்கள், இவர்களுக்கு ஒரு வேலை வேண்டும்’ என்று நினைத்தவர்கள் மிகச் சிலரே. சங்கீத நாடக அகாடமி விருது கௌரி அம்மாளுக்கு 1959-ல் வந்தது. பாலாவுக்கு 1955-லேயே, ருக்மிணி தேவிக்கு 1957-லேயே வந்துவிட்டது. சிஷ்யைகளுக்கு முதலில், குருவுக்குப் பிறகு.

கலாநிதி நாராயணன் திருமணத்துக்குப் பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் ஆட்டத்தைத் தொடவில்லை. 1973-ல் திரும்ப வந்தபோது அடவு சொல்லிக்கொடுக்கவில்லை, அபிநயம் மட்டும். உலகெங்கும் அவர் ‘மாமி’. 2016-ல் மறையும் வரை ஏற்கெனவே அரங்கேறிய ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்து அவர் முன்னால் உட்கார்ந்து பதம் கற்றார்கள். பரதநாட்டியத்தில் அபிநயத்துக்கென்று தனி வகுப்பு இருப்பது இன்று இயல்பாகத் தெரிவதற்கு அவர் பெரிய காரணம். மயிலாப்பூரில் ஒரு அம்மாள் ஒரு சிறுமிக்குச் சொல்லிக்கொடுத்த பதங்கள் முப்பது ஆண்டு உறங்கி எழுந்து இத்தனை பேரிடம் போயிருக்கின்றன.

கோயில் காலையில் திறந்து பகலில் நடைசாத்தி மாலையில் மீண்டும் திறக்கும். நாட்டியக்காரர்கள் மாலையில் வருவது நல்லது. குளக்கரைப் பக்கமாக உள்ளே வந்து, புன்னை மரத்தடிச் சன்னதியைப் பார்த்துவிட்டு, பிராகாரத்தில் ஒரு ஓரமாக உட்காருங்கள். அம்பிகை மயிலாக வந்து பூசித்த தலம். மாட வீதிகளையும் ஒரு முறை நடந்து பாருங்கள். புறப்பாட்டின்போது சுவாமிக்கு முன்னால் ஆடிக்கொண்டு போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கால் தானே கணக்கிடும். பங்குனியில் அறுபத்துமூவர் அன்று வந்தால் நடக்க இடமிருக்காது, ஆனால் அந்த வீதிகள் எதற்காக அவ்வளவு அகலம் என்று அன்றுதான் தெரியும்.

இங்கிருந்து திருவான்மியூர் கலாக்ஷேத்திரா அதிக தூரமில்லை. வேலை நாட்களில் காலையில், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். விடுமுறைக் காலத்தில் வகுப்பு இருக்காது.

கடைசியாக, கௌரி அம்மாளின் வழிவந்த அபிநய வகுப்புகளில் பதம் எப்படி ஏறுகிறது என்பதை எழுதிவைக்கிறோம், ஏனென்றால் இன்று அதிகம் கெடுவது இதுதான். அவர் உட்கார்ந்தபடியே தானே பாடி அபிநயம் பிடிப்பார். அந்த உட்காரல் முக்கியம். முதலில் பதத்தைப் பாடக் கற்க வேண்டும். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு சங்கதியும் (அடியை மாற்றி மாற்றிப் பாடும் வகை) எங்கே நீள்கிறது, எங்கே நிற்கிறது என்று வாய்க்குத் தெரிய வேண்டும். பதம் விளம்பத்தில், அதாவது மிக மெதுவாக, போகும். அந்த நீளும் இடம்தான் முகத்துக்குக் கிடைக்கும் இடம். ஒலிப்பதிவை வைத்து ஆடுபவர்கள் அந்த இடத்தைச் சலிப்பாக நினைத்துக் காலத்தை ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றியவுடன் முகத்துக்கு நேரம் போய்விடுகிறது.

அடுத்து பொருள். சொல்லுக்குச் சொல் பொருள் எழுதி, பிறகு அடியின் மொத்தப் பொருளைத் தனியாக எழுத வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ‘நேற்று வருவேன் என்றாயே’ என்று ஒரு நாயகி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நேற்று என்பதற்கு ஒரு கை, வருவதற்கு ஒரு கை, சொன்னதற்கு ஒரு கை என்று மூன்றையும் பிடித்தால் கை ஊமைப்பாஷை ஆகிவிடும், ஏமாற்றம் எங்கேயும் தெரியாது. ஒரே ஒரு சொல்லுக்குக் கை போதும். மீதியைக் கண் சொல்லட்டும். அதே அடி மறுபடி வரும்போது இன்னொரு சொல்லுக்குக் கை போகட்டும். அதே நாயகி இப்போது கெஞ்சலாம், அடுத்த முறை சீறலாம், அதற்கடுத்த முறை தனக்குத்தானே சிரித்துக்கொள்ளலாம்.

கண்ணாடி முன்னால் பழகக்கூடாது. பார்க்கும் கண்ணே நடிக்கும் கண்ணாகவும் இருக்க முடியாது, பார்வை கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும், நாயகன் நிற்கிற இடத்துக்குப் போகாது. நாயகன் எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை அடி தள்ளி என்று முதலிலேயே முடிவுசெய்து, பதம் முடியும் வரை மாற்றக்கூடாது. பல பேர் இரண்டாம் அடியிலேயே அவரைத் தொலைத்துவிடுகிறார்கள். சுவரில் ஒரு ஆணியைக் குறித்துக்கொண்டு பழகினால் தொலையாது.

பல்லவியின் முதல் அடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, நீங்களே பாடிக்கொண்டு, இருபது முறை கண்ணால் மட்டும் சொல்லிப் பாருங்கள். இருபது முறையும் வேறு வேறாக வர வேண்டும். ஏழாவது எட்டாவது முறையில் கை தானாக எழப் பார்க்கும். எழ விடாதீர்கள். இருபது முடிந்தபின் வலது கையை மட்டும் எடுங்கள்.